பொட்டு கோல்

ஒன்பதும் விழுந்துவிட்டது. நான் எண்ணாமல் இருந்தாலும் விழுந்திருக்கும். எண்ணிக்கொண்டே இருந்ததால் ஒவ்வொன்றும் இரண்டு தடவை விழுந்ததுபோல இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கீப்பர் பெண் கோலுக்குள்ளேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். என் மகள் கௌசிகா, ஏழாம் நம்பர், முன்னால் நின்று ஆடுகிறவள், அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து அந்தப் பெண்ணைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துகிறாள். வலையில் சிக்கிக் கிடந்த பந்தை எடுத்து நடுவட்டத்துக்கு உதைக்கிறாள். அரசு மகளிர் கல்லூரி பூஜ்யம், அந்தப் பெரிய கல்லூரி ஒன்பது. இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது. ஒன்பதைப் பற்றி எனக்குப் பயமில்லை. ஒன்பதுக்குப் பிறகு என்ன வரும் என்பதுதான். பத்து வந்தால் தேவலை. பதினொன்று வரட்டும், பன்னிரண்டு வரட்டும், கை ஓயும்வரை அடிக்கட்டும், அடிவாங்கினவள் என்று பெயர் வந்தால் ஒரு வாரத்தில் போய்விடும். வரக்கூடாதது ஒன்றே ஒன்றுதான். அது மட்டும் என் மகளுக்கு நடந்துவிட்டால், ஆட்டம் முடிந்ததும் பையை எடு என்று சொல்லிக் கூட்டிப்போய்விடுவேன். பந்து அத்தோடு சரி. காலையில் பஞ்சவர்ணத்திடமும் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "பாக்கணும்னா போய்ப் பாத்துட்டு வா. வாயத் தொறக்காத" என்றாள். என்னைக் கட்டிக்கொண்டு இருபத்தெட்டு வருஷமாகிறது, என் வாயைப் பற்றி என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். இதுவரை திறக்கவில்லை. மேல்வாயும் கீழ்வாயும் ஒட்டிப்போய் உப்புக் கரிக்கிறது.

பக்கத்தில் காஜா பாய் அவித்த கடலையை உரித்துப் போட்டுக்கொண்டே, "ஒம்பது. நம்ம நம்பரு" என்கிறான், பரிசு விழுந்தவன் மாதிரி. முப்பத்திநாலு வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் வெங்காயப் பேட்டை டீமுக்குக் கீப்பராக நின்று ஒன்பது கோல் வாங்கினவன் இவன். நாங்கள் இருவரும் அங்கே மூட்டை தூக்குகிறவர்கள், அப்போதும் இப்போதும். "கேவலமா இல்லையா பாய் உனக்கு" என்கிறேன். "என்ன கேவலம். உள்ள போனது ஒம்பது. போகவேண்டியது இருவது. பதினொண்ண நான் புடிச்சேன்ல, அத எந்தப் பய எண்ணுனான்" என்கிறான். இப்படித்தான் இவன். ராத்திரி படுத்தால் தூங்கிவிடுகிறவன். என்னால் அது முடியாது. என் மச்சினன் கல்யாணப் பந்தியில் எனக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றாமல் தாண்டிப்போனவன் யார், என்ன கலர் சட்டை போட்டிருந்தான் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு என்னை நிறுத்தினது என் அப்பா, ஆனால் நிறுத்தலாம் என்று தலையாட்டினது ஒரு வாத்தியார், அந்தத் தலை ஆடின விதம்கூட ஞாபகம் இருக்கிறது. எழுதப் படிக்க அதிகம் தெரியாதவனுக்கு வேறு எங்கே எழுதி வைக்க முடியும், மண்டைக்குள்தான். அதில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற பெயர் இன்னாசி. அதோ, கீழே கோட்டை ஒட்டிப் பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறானே, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில், பெரிய கல்லூரியின் பி.டி. மாஸ்டர். தொப்பை விழுந்துவிட்டது. அப்போது அவன் வயிறு பலகை மாதிரி இருக்கும். அப்போது அவன் அதே கல்லூரியின் கேப்டன்.

அவர்களோடு ஆடின அன்றைக்குக் காலையில்தான் ஒரு லாரி இறக்கியிருந்தோம், முதுகில் வெங்காயச் சருகு ஒட்டியபடியே வந்தோம், செருப்பில்லை, பூட்ஸ் என்றால் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று தெரியாது, அவர்களுக்கோ அடியில் ஆணி வைத்த பூட்ஸ், மிதித்தால் சாணம் மாதிரி மண் பெயரும். ஒன்பது அடித்துவிட்டார்கள். அப்புறம் அடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அப்போது அது விளங்கவில்லை, களைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன், நம் மூச்சுக்கு அவர்கள் மூச்சு ஈடில்லை, மூட்டை தூக்குகிறவன் மூச்சாச்சே என்று ஒரு பெருமைகூட வந்தது. கடைசி ஐந்து நிமிடம். அவர்கள் பக்கம் பின்னால் நின்று காக்கிற பேக் ஒருத்தன் பந்தைத் தப்பாக உதைத்தான், நேராக என் காலுக்கு வந்தது. தலையைத் தூக்கினால் எதிரே கோல் திறந்து கிடக்கிறது. அவர்கள் கீப்பர் ஓரமாகக் குந்தி பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறான். எனக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். முப்பது மூட்டை தூக்கின காலால் அடித்தேன், வலை இரண்டடி பின்னால் போய் வந்தது. அப்புறம் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று முழுசாக ஓடினேன். காஜாவைக் கட்டிப்பிடித்தேன். மண்ணை எடுத்து நெற்றியில் பூசினேன். பேட்டை ஆட்கள் மூட்டையைத் தூக்குகிற மாதிரி என்னைத் தோளில் தூக்கினார்கள். கூட்டம் சிரித்தது, சந்தோஷத்தில் சிரிக்கிறது என்று நினைத்தேன். சாயந்திரம் எனக்குப் பரோட்டா. அன்று தூங்கினேன், அதுதான் நான் நன்றாகத் தூங்கின கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் காலை பேட்டைக்கு எதிரே டீக்கடை. இன்னாசியும் நாலு பேரும் டம்ளரோடு நிற்கிறார்கள். நான் போய் வணக்கம் வைத்தேன், வைத்தேனே, அதுதான். இன்னாசி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவன் ஆட்களிடம், "இந்தா நிக்கிறாருல்ல, இவருதான்டா நம்ம பொட்டு" என்றான்.

குழந்தைக்குக் கன்னத்தில் மை வைப்பார்களே, அதுதான். பைனலுக்கு முந்தின ஆட்டத்தில் ஒன்பது, பூஜ்யம் என்று சுத்தமாக ஜெயித்தால் ஊர்க் கண் பட்டுவிடுமாம். அதனால் எதிராளிக்கு ஒன்றை விட்டுக்கொடுத்து, ஜெயிப்பின் கன்னத்தில் கொஞ்சம் கரி பூசிக்கொள்வது இந்த ஊர் கல்லூரி டீம்களின் பழக்கம். பொட்டு கோல் என்று பெயர். கல்லூரிக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, பேட்டையில் ஒருத்தனுக்கும் தெரியாது. பாவம் பார்த்துக் கொடுத்திருந்தால்கூடத் திட்டிவிட்டு விட்டிருப்பேன். பாவம்கூட இல்லை. நான் அவர்கள் கன்னத்து மை. அன்றிலிருந்து பேட்டையில் எனக்கு சவடமுத்து என்ற பெயர் போய்விட்டது. பொட்டு. பொட்டு, இந்த மூட்டையப் புடி. பொட்டு, டீ சொல்லு. கல்யாணத்துக்கு வந்த பஞ்சவர்ணத்தின் சித்தப்பா, மாப்பிள்ளைக்கு ஏன் பொம்பளை மாதிரி பேர் வச்சிருக்காங்க என்று பந்தியில் கேட்டார். அவ்வளவு செய்தும் இன்னாசி பைனலில் ஒன்றுக்குப் பூஜ்யம் தோற்றான். அந்தச் சந்தோஷத்தை ஒரு மூன்று வருஷம் வைத்துச் சாப்பிட்டேன். அப்புறம் அதிலும் ருசி போய்விட்டது.

எனக்கு முன்படியில் ஒரு அம்மா குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறது. பெரிய கல்லூரி கீப்பரின் தாயாம், மகள் பெயர் ஷைனியாம், ஆட்டம் தொடங்கினதிலிருந்து பின்னால் திரும்பித் திரும்பி எங்களோடு பேச்சு. நல்ல அம்மாதான், பொல்லாதது அதன் வாயில் இல்லை. "ஒங்க பிள்ளைக நல்லாத்தான்ணே ஓடுதுக. எம்பிள்ளைதான் பாவம், ஒத்தப் பந்து வரல, வெயில்ல நின்னு கருவாடா காயுது" என்கிறது. காஜா பாய், "வேணும்னா அந்தப் பிள்ளையக் கூப்பிட்டு இங்கன உக்காரச் சொல்லும்மா. கடல தாரேன்" என்கிறான். அந்த அம்மா சிரித்துக் குடையை ஆட்டுகிறது. பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டு விஷயம் சொல்வதுபோல, "இனிமே ஒண்ணு வரும்ணே. காலைல சார் எல்லாத்தையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப்போயி அங்கயே சொல்லிட்டாராம். ஒம்பது வந்துருச்சுன்னா அதோட நிறுத்து, ஒண்ண விட்ரு, நாளைக்கிப் பைனலு, கண்ணு கிண்ணு பட்டுறப் போகுதுன்னு" என்கிறது. காஜா பாயின் கை கடலையோடு நின்றுவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கிறான், அது எனக்குத் தெரிகிறது.

ஆக, வருகிறது. யாருக்குக் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் முன்னால் நிற்கிறவள் அவள் ஒருத்திதான், மற்ற பத்துப் பேரும் சொந்தக் கோலைக் காக்கப் பின்னாலேயே கிடக்கிறார்கள். அவளுக்குத்தான். இன்னாசி நாற்காலியில் இருந்தபடி இரண்டு விரலைக் காட்டுகிறான், ஒன்பதில் ஆறு அடித்த நெட்டைப் பெண்ணையும் இன்னொருத்தியையும் வெளியே கூப்பிட்டு, பெஞ்சில் இருந்த இரண்டு பேரை உள்ளே அனுப்புகிறான். ஒருத்தி ஓடும்போதே ஜெர்சியை உள்ளே செருகுகிறாள். இது நியாயம். இதில் குறை சொல்லமாட்டேன், வருஷம் முழுக்கப் பெஞ்சைத் தேய்த்தவளுக்கு ஒரு பத்து நிமிடம் கிடைக்கட்டும். அப்புறம் அவர்கள் அடிக்கவில்லை. பந்தைப் பின்னாலேயே உருட்டுகிறார்கள், இவள் அவளுக்கு, அவள் இவளுக்கு, கீப்பருக்கு, திரும்ப இவளுக்கு. கேலரியில் கல்லூரிப் பிள்ளைகள் ஒவ்வொரு உதைக்கும் எண்ணுகிறார்கள், பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. கௌசி மட்டும் நடுவில் பந்துக்குப் பின்னால் ஓடுகிறாள், போய்ச் சேருவதற்குள் பந்து இன்னொருத்தியிடம், திரும்பி ஓடுகிறாள், இருபது, இருபத்தொண்ணு. ஓடாதே. நில்லு. இடுப்பில் கைவைத்து நில்லு, எண்ணிக்கை நின்றுவிடும். அவள் நிற்கமாட்டாள். அடித்துக்கொண்டே இருப்பது மரியாதையா, நிறுத்துவது மரியாதையா என்று முப்பத்திநாலு வருஷமாக யோசித்திருக்கிறேன், மூட்டை தூக்கும்போது, வரிசையில் நிற்கும்போது, சும்மா படுத்திருக்கும்போது. பேட்டையில் ஒருத்தன் மூட்டைக்குக் கீழே தள்ளாடினால் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, இறக்கு என்று சொல்லி இறக்கிவிடலாம். இல்லை, பேசாமல் விடலாம், அவனாகச் சுமந்து போய்ப் போடுவான். பின்னாலிருந்து ஒரு கை கொடுத்து லேசாகத் தாங்கிக்கொண்டு, அதை மற்றவர்களுக்குக் கண்ணடித்துக் காட்டுவது மட்டும் கூடாது. இதைச் சொல்ல எனக்கு ஒரு இடமும் கிடைத்ததில்லை. யாரிடம் சொல்வது, காஜா பாயிடம் சொன்னால் கடலை தருவான்.

எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. "எங்கய்யா போற" என்கிறான் காஜா. "கீழ" என்கிறேன். "சவடம், சின்னப் பிள்ளைக ஆட்டம்யா. போயி ஒண்ணும் பண்ணிறாத." பண்ணமாட்டேன். என்ன பண்ண முடியும். படி சூடு செருப்பைத் தாண்டி ஏறுகிறது. மேலிருந்து கத்தலாம், கௌசி, கொடுத்தால் வாங்காதே என்று. கத்தினால் கேலரி முழுக்கத் திரும்பும், இதோ பழைய பொட்டு, அதன் மகளா அது என்று பேட்டை ஆள் எவனாவது சொல்வான், அப்புறம் அந்தப் பெயர் என்னிடமிருந்து அவளுக்குப் போய்விடும், சொத்தா பத்தா, அது மட்டும்தான் கொடுப்பதற்கு இருக்கிறது. முன்னமே சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் எத்தனை சாயந்திரம், அவள் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், நின்றபடிதான் சாப்பிடுவாள், ஒரு காலால் பந்தை உருட்டிக்கொண்டே, பஞ்சவர்ணம் திட்டத் திட்ட, அப்போது சொல்லியிருக்கலாம், இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது, ஜாக்கிரதை என்று. வாய்வரை வந்தது. என்னைத் தோளில் தூக்கினதை என் மகள் பார்த்ததில்லை, நான் சட்டையைச் சுழற்றிக்கொண்டு ஓடினதைப் பார்த்ததில்லை, தெரியாமலே போகட்டும் என்று விட்டேன். ஒருவேளை பேட்டையில் யாராவது சொல்லியிருப்பார்களா. அங்கே சாப்பாடு கொண்டுவரும்போது என்னைப் பொட்டு என்று கூப்பிடுவது அவள் காதில் விழாமல் இருந்திருக்குமா. ஏன் அந்தப் பேரு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காத பிள்ளைக்கு ஒன்று, எதுவும் தெரியாது, அல்லது எல்லாம் தெரியும். கோட்டுக்கு வந்துவிட்டேன். சுண்ணாம்பு காலில் ஒட்டுகிறது. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் மைதானம் மேலிருந்து பார்த்ததைவிடப் பெரியது, பிள்ளைகளின் மூச்சு கேட்கிறது. ஏழு நிமிடம் இருக்கும்.

அப்போது நடக்கிறது. அவர்கள் பேக் ஒருத்தி, புதிதாக உள்ளே வந்தவள், பந்தை நிறுத்தி, ஒருதரம் இன்னாசி பக்கம் பார்த்து, மெதுவாகக் குறுக்கே உருட்டுகிறாள். யாருமில்லாத இடத்துக்கு. யாருமில்லாத இடத்தில் என் மகள் மட்டும் இருக்கிறாள். அதே மாதிரி. பந்து அவள் காலுக்கு வருகிறது, அங்கே கோலில் ஷைனி குனிகிறாள், பூட்ஸ் கயிற்றைப் பிடிக்கிறாள், முப்பத்திநாலு வருஷத்தில் இவர்களுக்கு வேறொரு சாக்கு கிடைக்கவில்லை. கௌசி பந்தின்மேல் கால் வைத்து நிறுத்துகிறாள். தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். விடு, கண்ணு. அதைத் திருப்பி உதை, வெளியே உதை, இன்னாசி நாற்காலியைப் பார்த்து உதை. கேலரியில் எண்ணிக்கை நின்றுவிட்டது. அவள் ஷைனியைப் பார்க்கிறாள். ஷைனி கயிற்றைக் கட்டியபடியே நிமிர்ந்து அவளைப் பார்க்கிறாள். இருவரும் ஏதோ சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. கௌசி நாலு எட்டு நடக்கிறாள், ஓடவில்லை, நடக்கிறாள், பாதத்தின் உள்பக்கத்தால் பந்தைத் தட்டுகிறாள். வீட்டில் சாப்பிடும்போது உருட்டுவாளே அந்த அளவு. பந்து கோட்டைத் தாண்டி, வலைவரை போகக்கூட வலுவில்லாமல் நிற்கிறது. கோல். கேலரி சிரிக்கிறது, கை தட்டுகிறது, ஒருத்தன், "பொட்டு வச்சாச்சுடா" என்கிறான். வாங்கிவிட்டாள். வாங்கியேவிட்டாள். இதற்கா இத்தனை வருஷம், இதற்கா. அந்தப் பை எங்கே இருக்கிறது, பெஞ்சுக்கு அடியில் அந்த நீலப் பை, நானே எடுத்துக்கொள்கிறேன், இன்னும் ஆறு நிமிடம் ஆடித்தான் ஆகவேண்டுமா. ஆனால் அவள் ஓடவில்லை. கையைத் தூக்கவில்லை. யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. உள்ளே போய்ப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவட்டத்துக்கு வேகமாக வருகிறாள், வரும்போதே பின்னால் கிடந்த பத்துப் பேரையும் பார்த்துக் கையால் வீசிக் காட்டுகிறாள், வாங்க, மேல வாங்க என்று. ஷைனி அவள் முதுகைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நிற்கிறாள். கயிறு அவிழ்ந்தே கிடக்கிறது. நிஜமாகவே அவிழ்ந்துதான் இருந்ததோ என்னவோ.

அவர்கள் தொடங்கி இரண்டு உதை உதைப்பதற்குள் எங்கள் பிள்ளைகள் நாலு பேர் மேலே வந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை, பாதிப்பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு இடி, ஒரு தடுமாற்றம், பந்து தெறித்துக் கோட்டைத் தாண்டி உருண்டு வந்து என் காலில் முட்டுகிறது. குனிந்து எடுத்துவிட்டேன். அன்றைக்குப் பிறகு கையால் பந்தைத் தொட்டதில்லை. காற்று இறுக்கமாக அடைத்த பந்து, வெயிலில் கிடந்த பூசணிக்காய்போலச் சுடுகிறது, தையலில் மண். எங்கள் த்ரோ. கௌசி ஓடிவருகிறாள், என்னைப் பார்த்துவிட்டாள், நான் வந்தது அவளுக்குத் தெரியாது, ஆனால் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை, வீட்டு வாசலில் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். கையை நீட்டுகிறாள். நான் கொடுக்கவில்லை. பந்து என் வயிற்றோடு ஒட்டினாற்போல இருக்கிறது. பஞ்சவர்ணம் சொன்னது ஞாபகத்தில் இருக்கிறது, இருந்தும் வாய் திறந்துவிட்டது. "கௌசி. அது அவங்களா விட்டது" என்கிறேன். "தெரியும்ப்பா" என்கிறாள். அவ்வளவுதான். மூச்சு வாங்குகிறது, கன்னத்தில் வியர்வையோடு சுண்ணாம்பு. "தெரிஞ்சுக்கிட்டேவா அடிச்ச." "ஆமா. அடிச்சா நமக்கு ஒண்ணு மிச்சம்ல. பந்தக் குடுப்பா, நேரமாகுது." நேரமாகுது என்கிறாள். ஒன்பதுக்கு ஒன்று இருக்கும்போது, ஐந்து நிமிடத்தில் முடியப்போகிற ஆட்டத்தில், இவளுக்கு எதற்கு நேரம், என்ன செய்யப்போகிறாள் அந்த நேரத்தை வைத்து. அவள் கை நீட்டியபடியே இருக்கிறது. விரலில் நகம் பெயர்ந்து பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. பின்னாலிருந்து ரெஃப்ரி, "பெரியவரே" என்கிறார். கொடுத்துவிட்டேன். நான் கொடுத்தேனா, அவள் பிடுங்கினாளா தெரியவில்லை, கை காலியாக இருக்கிறது. என்ன லேசாக இருக்கிறது. லாரியில் கடைசி மூட்டையை இறக்கினபிறகு சும்மா நடந்தால் கால் தானாக மேலே எழும்புமே, அப்படி.

தெரியும் என்றாளே. எவ்வளவு தெரியும். என்னைப் பற்றியும் தெரியுமா, அதுவும் சேர்த்துத்தானா. தெரிந்துகொண்டே, நின்றபடி சாப்பிட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காமல். எனக்கு விட்டுக்கொடுத்தபோது எனக்குத் தெரியாது. தெரியாததுதான் என்னைத் தின்றது, கொடுத்தது அல்ல. இதை இப்போதுதான் நினைக்கிறேன், சரியா தப்பா என்று நிதானிக்க நேரமில்லை, ஏனென்றால் அவள் த்ரோ எறிந்து, எறிந்த பந்து அவளுக்கே திரும்பி வந்து, ஓரமாக ஓடுகிறாள். ஒருத்தியைத் தாண்டிவிட்டாள். இன்னொருத்தி சும்மா காலை நீட்டுகிறாள், தாண்டிவிட்டாள். நானும் கோட்டுக்கு வெளியே கூடவே நடக்கிறேன், நடை ஓட்டமாகிவிட்டது, ஐம்பத்தேழு வயசில் முழங்கால் என்ன சொல்லும் என்பதெல்லாம் அப்புறம். இது யாரும் உருட்டிவிட்ட பந்து இல்லை. அடிக்கிறாள். அடித்த சத்தம் கேட்கிறது, மூட்டையைத் தரையில் போட்ட சத்தம். பந்து தாழ்ந்து, மூலையைப் பார்த்துப் போகிறது, ஷைனி, அந்த வெயிலில் காய்ந்த பிள்ளை, முழு நீளத்துக்குப் பாய்ந்து விரல் நுனியில் தட்டி வெளியே தள்ளுகிறாள். விழுந்த இடத்தில் தூசி எழும்புகிறது. கேலரி ஆ என்று ஒரே குரலில் சொல்கிறது. குடை பிடித்த அம்மா எழுந்து நிற்கிறது. ஷைனி முழங்கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் பேக்குகளைப் பார்த்துக் கத்துகிறாள், "தூங்குறீங்களாடி எல்லாரும்." எங்களுக்குக் கார்னர்.

இன்னாசி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். கோட்டை ஒட்டி வேகமாக வருகிறான், எனக்கு மூன்றடி தூரத்தில் வந்து நிற்கிறான். தொப்பியைக் கழற்றித் தொடையில் அடிக்கிறான், நடுமண்டையில் முடியில்லை. என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் நியாயம், கன்னத்து மையை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். "ஏய், ஏழாம் நம்பர எவளாச்சும் புடிங்கம்மா. ஆட்டம் முடியல" என்று உள்ளே பார்த்துக் கத்துகிறான். குரலில் கரகரப்பு. பிறகு வாட்சைப் பார்க்கிறான், அதை நம்பாமல் என் பக்கம் திரும்பி, "எத்தன நிமிசம் இருக்குண்ணே" என்கிறான். அண்ணே என்கிறான். எட்டுக் கோல் முன்னால் இருக்கிறவன் என்னிடம் நேரம் கேட்கிறான். என் கையில் வாட்ச் இல்லை. "நெறையா இருக்கு" என்கிறேன். இன்னாசியை நான் விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அந்த டீக்கடை, அந்த டம்ளர், மேலும் கீழும் பார்த்த பார்வை எல்லாம் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, செத்தாலும் இருக்கும். ஆனால் அது என்னோடது. அவளுக்கு அதில் பங்கில்லை. வீட்டுக்குப் போனதும் பஞ்சவர்ணம் என்னாச்சு என்று கேட்பாள், கூட்டிட்டு வந்துட்டியா, பந்து நின்னுச்சா என்று. திங்கட்கிழமை அஞ்சரைக்கு அவளை எழுப்பிவிடு, பிராக்டிஸுக்கு நேரமாகிவிடும் என்று சொல்ல வேண்டும். வேறொன்றும் சொல்லத் தெரியாது. எங்கள் பிள்ளை ஒருத்தி கார்னரில் பந்தை வைத்து, எடுத்து, சுண்ணாம்பைத் தட்டித் திரும்ப வைக்கிறாள். கோலுக்கு முன்னால் கௌசி நிற்கிறாள். இத்தனை நேரம் அவளைச் சீந்த ஆளில்லை. இப்போது ஒருத்தி அவள் முன்னால் நிற்கிறாள், ஒருத்தி ஜெர்சியைப் பின்னாலிருந்து பிடித்திருக்கிறாள், ரெஃப்ரி பார்த்துக் கண்டிக்கிறார், விட்டுவிட்டுத் திரும்பவும் பிடிக்கிறாள். "பத்தாது, இன்னொருத்தி போ" என்று இன்னாசி கையை வீசுகிறான். நடுவட்டத்திலிருந்து மூன்றாவதாக ஒருத்தி அவளைப் பிடிக்க ஓடிவருகிறாள்.